மூன்றாவது சிலிண்டருக்கு ஒரு கை சந்தனம்

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பந்தியோடு நிறுத்தியிருந்தேன். பாயசம் எப்படி இருந்தது என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. மணப்பெண்ணைச் சாப்பிடவிடாமல் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் இந்த வாரம் பாயசத்தை விட்டுவிட்டு வண்டியில் ஏறுகிறேன்.

அது ஒரு சனிக்கிழமை. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்கு, என் பிறந்த வீட்டுக்கு, மறுவீடு போகிறோம். புதுக் கார். உள்ளே இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. வெயிலில் அது முதுகோடு ஒட்டிக்கொண்டு, நகர்ந்தால் கிழிகிற மாதிரி சத்தம் போட்டது. வண்டி முழுக்க ஊதுபத்தி வாசம், மல்லிகை வாசம், என் மடியில் இருந்த அதிரசத் தூக்கின் நெய் வாசம்.

என் கணவர் ஓட்டினார். பக்கத்தில் மாமா, அதாவது என் மாமனார். பின்னால் நானும் அத்தையும், அதாவது என் மாமியாரும். குன்றக்குடி மலை கண்ணில் படுகிற இடத்தில் வண்டி ஒரு உதறு உதறியது. நாலு தலைகளும் ஒரே நேரத்தில் முன்னால் போய்ப் பின்னால் வந்தன. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. பிறகு விடாமல்.

"முருகா" என்றார் அத்தை, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு. வண்டி மறுபடி உதறியது. மறுபடி "முருகா". ஒரு கட்டத்துக்கு மேல் அவர் சாமி கும்பிடுகிறாரா, வண்டி அவரைக் கும்பிட வைக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. பிள்ளையார்பட்டி விலக்கு தாண்டியதும் மாமாதான் தொண்டையைச் செருமினார்.

"நல்ல வண்டி" என்றார்.

"ரோடுதான் சரியில்ல" என்றார் அவர் மகன்.

ரோடு புதிதாகப் போட்டது. தார் வாசம்கூடப் போகவில்லை.

வாய் திறந்து கேட்காத சீர்

இந்த மௌனம் புரிய வேண்டுமானால் அந்தக் கார் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

என் அப்பாவுக்குத் திருப்பத்தூரில் நெல் மில். நிச்சயம் பேச வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் எதையுமே கேட்கவில்லை. இதை அவர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். மாமா சொன்னது இவ்வளவுதான்: "எங்களுக்கு ஒன்னும் வேணாம். உங்க பொண்ணு பஸ்ஸுல நசுங்கிக்கிட்டு வந்து போகக் கூடாதேன்னுதான் எனக்குக் கவலையா இருக்கு." கல்யாணத்துக்கு முன்பே என் உடம்பு நசுங்குவதைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று அப்பா நெகிழ்ந்துபோய்க் கார் வாங்கிக் கொடுத்தார்.

சாதாரணக் காரும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் புதிதாக வந்த ரகம். பெட்ரோலை எவ்வளவு விட வேண்டும், எப்போது விட வேண்டும் என்று உள்ளே இருக்கும் ஒரு கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். எங்கள் தெருவில் அதற்கு முன் கம்ப்யூட்டர் வந்ததில்லை. வந்த முதல் கம்ப்யூட்டர் நாலு சக்கரத்தோடு வந்தது.

சீராக வந்த பொருளுக்கு எங்கள் பக்கம் ஒரு மரியாதை உண்டு. வாங்கிக்கொண்டவர்கள் அதைக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் சம்பந்தியைச் சொன்ன மாதிரி. கொடுத்தவர்கள் "நன்றாக ஓடுகிறதா" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவர்களுக்கே சந்தேகம் என்று ஆகிவிடும். ஆக, அந்தக் கார் உதறுவதை உலகத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

ஆனால் ஏதோ ஒன்றின் மேல் பழியைப் போட்டால்தானே மனசு ஆறும்? வண்டியைச் சொல்லக் கூடாது, சம்பந்தியைச் சொல்லக் கூடாது, ஓட்டுகிற மகனைச் சொல்லவே கூடாது. வண்டியோடு வந்த பொருள் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அது நான்.

இன்ஜினியர் என்றால் இன்ஜினியர்தான்

மறுவீடு போய் வந்த மறுநாளிலிருந்து வைத்தியர்கள் வர ஆரம்பித்தார்கள். புதுப் பெண்ணைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு, காபியை ஒரு மடக்கில் குடித்துவிட்டு, நேராகக் கார் நிற்கும் கொட்டகைக்குப் போனார்கள். அது பழைய மாட்டுக் கொட்டகை. மாடுகளை விற்றுவிட்டுக் காரைக் கட்டியிருந்தார்கள்.

ஒருவர் பெட்ரோலில் கலப்படம் என்றார். ஒருவர் சைலன்சரில் எலி என்றார். மூன்றாமவர் கார்புரேட்டரைக் கழற்றி ஊத வேண்டும் என்றார். இந்த வண்டியில் கார்புரேட்டரே கிடையாது, அந்த வேலையைத்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறது என்று என் கணவர் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"கார்புரேட்டர் இல்லாத வண்டியா? சம்பந்தி ஏமாந்துட்டாகளா? கடையில நல்லாப் பாத்து வாங்கியிருக்கலாமுல்ல?"

என் கணவர் பொதுப்பணித் துறையில் இன்ஜினியர். கட்டட இன்ஜினியர். பாலம், வாய்க்கால், பள்ளிக்கூடக் கூரை இவைதான் அவருக்குத் தெரியும். ஊர் அதை ஏற்கவில்லை. "நீயே இன்ஜினியரு. நீ பாத்துக் கண்டுபுடிக்காததையா நாங்க கண்டுபுடிக்கப் போறோம்?" என்று சொல்லிச் சொல்லி அவரைக் காரின் முன் மூடியைத் திறக்க வைத்தார்கள். அவர் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, விரிசல் விட்ட தூணைப் பார்ப்பது போல் இன்ஜினை நெடுநேரம் பார்ப்பார். பிறகு "ம்" என்று மூடிவிடுவார். கூட்டம் திருப்தியாகக் கலைந்துவிடும்.

நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருந்தது. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்திருந்தேன். அப்பாவின் மில்லுக்கு ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள். இன்ஜின் சத்தம் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்பா இன்னும் மோசம். இன்ஜின் ஓடினால் நன்றாகத் தூங்குவார். அதில் ஒரு அடி தப்பினால் விழித்துக்கொள்வார். இத்தனையையும் வைத்துக்கொண்டு நான் காபித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

தூங்குகிற மூன்றாவது

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, உண்மையான மெக்கானிக் ஒருவரையே கூட்டி வந்தார்கள். ஷெரீப் பாய். நல்ல மனிதர், வாய் நிறைய வெற்றிலை. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"மிஸ்ஸிங் அடிக்குதுங்கய்யா" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வாரமாக யாரும் சொல்லாத வார்த்தை. காரில் நாலு சிலிண்டர்கள் முறை வைத்து ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். பல்லக்குத் தூக்குகிற நாலு பேர் மாதிரி. ஒருவர் தோள் கொடுக்காமல் சும்மா கூடவே நடந்து வந்தால் பல்லக்கு எப்படிக் குலுங்குமோ, அதுதான் மிஸ்ஸிங்.

பாய் இன்ஜின் ஓடும்போதே, பொறிக்கு மின்சாரம் அனுப்புகிற காயில் பக்கமாக ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். முதலாவதைப் பிடுங்கியதும் இன்ஜின் திணறியது. இரண்டாவதுக்கும் திணறியது. மூன்றாவதைப் பிடுங்கியபோது எந்த மாற்றமும் இல்லை.

"மூனாவது சிலிண்டர் தூங்குதுங்கய்யா. மேல ரப்பர் தொப்பியைக் கழட்டிப் பிளக்கைப் பாக்கணும். ஆனா..." என்று இழுத்தார்.

"ஆனா என்ன பாய்?" என்றார் மாமா.

"சந்தனம் குங்குமம் எல்லாம் வச்சுப் பூசை பண்ணியிருக்கீக. அதுல போயி நான் கைய வச்சுக் கலைக்கிறதா? வேணாங்கய்யா. கம்ப்யூட்டர் வண்டி வேற. கம்பெனியிலேயே காட்டிருங்க."

மாமாவுக்கு அந்த மரியாதை மிகவும் பிடித்துப்போய்விட்டது. வாசல்வரை வந்து வழியனுப்பினார். அப்போதே யாராவது அந்தச் சந்தனத்தைத் துடைத்து, தொப்பியைக் கழற்றிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மாமா

மாமா தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் கோயில் பக்கம் அதிகம் போனதில்லை என்று அத்தை சொல்வார். ஓய்வு பெற்றதும் பக்தி வந்தது. கார் வந்ததும் அது முற்றியது.

ஒவ்வொரு வெள்ளியும் சாயங்காலம் அவரே வண்டியைக் கழுவி, முன் மூடியைத் திறந்து, உள்ளே பூசை போடுவார். "வெளியில டயருக்கும் கண்ணாடிக்கும் வைக்கிறது ஊரான் பாக்குறதுக்கு. உயிரு உள்ளதான இருக்கு" என்பது அவர் கட்சி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

ஷெரீப் பாய் வந்து போனபின் பூசையில் ஒரு மாற்றம் வந்தது. இதுவரை நாலு சிலிண்டருக்கும் ஆளுக்கொரு பொட்டு, பொதுவாகக் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர். இப்போது மூன்றாவதுக்கு மட்டும் தனியாக ஒரு கை சந்தனம், தனியாக ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர். "தூங்குதுன்னு சொன்னாருல்ல? எந்திரிக்கட்டும்" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை வண்டி கொட்டகையை விட்டு வெளியே வருவதற்குள் மூன்று தடவை நின்றது.

"வெள்ளிக்கெழமை பூசை இருந்தும் இப்பிடின்னா, பூசையும் இல்லேன்னா என்னாயிருக்கும்?" என்றார் மாமா, உண்மையாகவே கவலையாக.

அத்தை என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் கொடுத்த சான்றிதழ்

மதுரையில் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோக நாள் பார்த்தார்கள். புதன்கிழமை அமைந்தது. கிளம்புவதற்கு முன் என் கணவர் துணியை எடுத்து இன்ஜின் மேல் இருந்த சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்தார். மதுரைக்காரர்கள் சிரிப்பார்களாம்.

வண்டி மதுரைவரை வெண்ணெயாக ஓடியது. அங்கே ஒருவர் வந்து வயரைச் செருகி, கையில் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தார். கோளாறு எதுவும் இல்லை என்றது பெட்டி. வண்டியும் அவர் முன்னால் பெட்டிப்பாம்பாக நின்றது. "ஒங்களுக்குத்தான் சார் புது வண்டி பழகல" என்று அனுப்பிவிட்டார்கள்.

இரவுச் சாப்பாட்டில் இதைச் சொன்னதும் மாமாவுக்கு நிம்மதி. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அத்தை மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"கம்ப்யூட்டரே வண்டியில ஒன்னுமில்லேன்னுருச்சு. அப்ப கோளாறு எதுலதான் இருக்கு?"

எல்லோரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு சொல் வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தது. "வந்த நேரம்." பக்கத்து வீட்டு அம்மாவிடம் அத்தை தணிந்த குரலில் சொல்வது எனக்குக் கொல்லைப்புறத்தில் கேட்கும். "பொண்ணு தங்கமான பொண்ணுதான். வந்த நேரந்தான்..." அதற்கு மேல் சொல்லமாட்டார். சொல்லி முடித்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

விஞ்ஞானத்தை நம்பிப் படித்தவள் நான். ஒரு விஞ்ஞானக் கருவி என்னைக் குற்றவாளி ஆக்கியதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

சாவு வீட்டுக்கு வழி தெரிந்த வண்டி

ஆனி மாதம் சிவகங்கைப் பக்கம் மாமாவின் பங்காளி ஒருவர் இறந்துபோனார். வயதானவர், நான் பார்த்ததில்லை. ஒரு வியாழக்கிழமை தகவல் வந்தது. பங்காளி வீட்டுத் தீட்டு என்பதால் கருமாதி முடியும்வரை வீட்டில் விளக்கேற்றக் கூடாது, பூசை கூடாது. அந்த வெள்ளியும் அடுத்த வெள்ளியும் கார் மூடி திறக்கப்படவில்லை.

சனிக்கிழமை துக்கம் கேட்கப் போனோம். வண்டி ஒரு உதறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அடுத்த சனிக்கிழமையும் போனோம். அப்போதும் அப்படியே. திரும்பி வரும்போது மாமா சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தார். அத்தை மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது சொன்னார்: "குன்றக்குடிக்குப் போகச் சொன்னா உதறுது. துட்டி வீட்டுக்குன்னா பறக்குது. சாவு வீட்டுக்குத்தான் இந்த வண்டிக்கு வழி தெரியும் போல."

ஓடாவிட்டாலும் என் நேரம், ஓடினாலும் என் நேரம். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்வாள்?

அன்று இரவுச் சாப்பாட்டில் முடிவு சொல்லப்பட்டது. ஆடி பிறக்கப் போகிறது. புதுப் பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம்தான். ஆவணியில் திரும்பி வந்துவிடுவாள். அத்தை அதில் ஒரு வரி சேர்த்தார்.

"வண்டியும் அவ கூடவே போகட்டும். அங்குட்டே வச்சு நல்லாப் பாத்து, வண்டி சரியானதும் ரெண்டும் சேந்து வரட்டும். அவசரமில்ல."

என் கணவரைப் பார்த்தேன். "ம்" என்றார், இன்ஜினைப் பார்த்துச் சொல்கிற அதே "ம்".

அவசரமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். திருப்பத்தூரில் எங்கள் தெருவிலேயே ஆடிக்கு வந்து அடுத்த ஆடிவரை இருந்த பெண்கள் உண்டு. காரணம் கேட்டால், இப்படித்தான், அவள் வந்த நேரம் ஏதோ ஒரு பசுமாடு செத்தது, ஏதோ ஒரு கிணறு வற்றியது. என் வாழ்க்கை மூன்றாவது சிலிண்டரில் மாட்டிக்கொண்டது. பயமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

படுத்து யோசித்தேன். சனியும் ஞாயிறும் வண்டி உதறும். திங்கள் முனகும். புதனுக்குள் சாதுவாகிவிடும். மதுரைக்குப் போனது புதன். இந்த இரண்டு சனிக்கிழமைகளில் மட்டும் உதறவில்லை. இந்த இரண்டு வாரத்தில் இந்த வீட்டில் எது நடக்கவில்லை? விளக்கு ஏற்றவில்லை. பூசை...

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கொட்டகையில் கனகாம்பரம்

கருமாதி முடிந்து வந்த வெள்ளிக்கிழமை பெரிய பூசை. இரண்டு வாரப் பாக்கியையும் சேர்த்துச் செய்தார் மாமா. நான் தீபாராதனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். முதல் தடவையாக அந்தப் பூசையை அருகில் பார்க்கிறேன்.

வீட்டில் சாமிக்கு ஊதுபத்தி குத்த வாழைப்பழம் இருக்கும். இன்ஜினில் எங்கே குத்துவது? மாமா அதற்கு முதல் பூசையிலிருந்தே ஒரு இடம் வைத்திருந்தாராம். மூன்றாவது சிலிண்டரின் ரப்பர் தொப்பிக்கும், உள்ளே பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்கும் நடுவே, விளிம்பை விரலால் நெம்பி, நாலு ஊதுபத்திகளைச் சேர்த்துச் செருகினார். ஆடாமல் அசையாமல் நின்றன. பிறகு பூப் போட்டார். பிறகு செம்பை எடுத்து அந்த ஊதுபத்தியின் காலடியில் பொறுமையாக, சிவலிங்கத்துக்கு ஊற்றுவது போல, மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்.

நான் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை வண்டி உதறியது. மத்தியானம் ஆண்கள் இருவரும் படுத்த பிறகு கொட்டகைக்குப் போனேன். மூடியைத் திறந்தேன். மூன்றாவது தொப்பியைத் திருகி இழுத்ததும் "பொளக்" என்று வந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீர் தேங்கி நின்றது.

"இங்க என்னத்தா பண்றவ?"

அத்தை வாசலில் நின்றார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, "வந்து பாருங்க அத்தை" என்றேன்.

வந்தார். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நான் ஈர்க்குச்சி முனையில் பழந்துணியைச் சுற்றிக் குழிக்குள் விட்டு எடுத்தேன். மஞ்சள் தண்ணீர் வந்தது. அடுத்து சந்தனச் சேறு. அடுத்து ஒரு ஊதுபத்திக் குச்சியின் மிச்சம். கடைசியாக ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு கனகாம்பரம். எங்கள் தெருவில் கனகாம்பரச் செடி ஒரே வீட்டில்தான் இருந்தது, எங்கள் கொல்லையில். அத்தை வைத்து வளர்த்த செடி.

அவர் அந்தப் பூவை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பிளக்குலதான் பொறி வரணும் அத்தை. அது தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கு. எப்பிடிப் பொறி வரும்? மூனு நாளு காயும், வண்டி நல்லாகும். மறுபடி வெள்ளிக்கெழமை வந்துரும்."

சொல்லிக்கொண்டே துடைத்தேன். தொப்பியையும் துடைத்து இறுக்கி மாட்டினேன். வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். அந்த வீட்டில் நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இன்ஜின் பிடித்தது. நாலும் சேர்ந்து ஒரே சீராக ஓடின. திருப்பத்தூரில் அப்பா தூங்கப் போகிற சத்தம் அது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் முடியவில்லை, கையெல்லாம் சந்தனம்.

அத்தை சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார். நான் இன்ஜினை நிறுத்தினேன்.

"நீ வந்த நேரம்னு நாஞ் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

நான் காத்திருந்தேன்.

"சரி, இத யார்ட்டயும் சொல்லிக்கிறாத. உங்க மாமா மனசு விட்டுப் போயிருவாக" என்றார். பூவைத் தலைப்பில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அந்த வாக்கியத்தின் மிச்சம் வேண்டியிருந்தது. மாமாவின் மனசு விட்டுப் போகும் என்று அரை நொடியில் கவலைப்படத் தெரிந்தவருக்கு, இரண்டு மாதமாக என் மனசு என்ன ஆனது என்று கேட்கத் தோன்றவில்லையே என்று கொதித்தது. கொட்டகையில் நின்று நன்றாக அழுதேன்.

ஒரு சாஸ்திரம் பிறந்த கதை

அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது அத்தை எல்லோருக்கும் பொதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு இப்பத்தான் நெனப்பு வந்துச்சு. சீரா வந்த வண்டியோட மூடியை ஆம்பளைக தெறக்கக் கூடாதாம். அது பொண்ணு மாதிரியாம். வீட்டுப் பொம்பளைகதான் தெறக்கணுமாம். எங்க பக்கம் பெரியவுக சொல்லுவாக."

அத்தை பிறந்த ஊருக்குத் தார் ரோடே அவர் கல்யாணத்துக்குப் பிறகுதான் போனது. அங்கே யார் கார் மூடியைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள் என்று நான் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன்.

மாமா திகைத்தார். "நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"உங்க வீட்டுக்கு இதுக்கு முன்னாடி சீரா கார் வந்திருக்கா? வந்திருந்தாத்தான தெரியும்?"

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப, அம்புட்டு நாளும் நான் தெறந்தது..." என்றார் பயந்துபோய்.

"தெரியாமச் செஞ்சதுக்குத் தோசமில்ல. இனிமே டயருக்கும் கண்ணாடிக்கும் வைங்க. உள்ள இருக்கிறத செல்வி பாத்துக்குவா."

செல்வி நான்தான். அந்த வீட்டில் என் பேரைச் சொல்லி ஒரு பொறுப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வெள்ளி மாமா டயர்களுக்குச் சந்தனம் வைத்தார். சனிக்கிழமை வண்டி உதறவில்லை. "பாத்தியா, சாஸ்திரம்னா சாஸ்திரந்தான்" என்று மாமா தெருவெல்லாம் சொன்னார். ஆடிக்கு அப்பா வந்து என்னை மட்டும் பஸ்ஸில் அழைத்துப் போனார். நசுங்கிக்கொண்டே போனேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் அதே காரில் என்னைக் கூப்பிட வந்தார்கள்.

அதன் பிறகு ஆயில் பார்ப்பதும் தண்ணீர் பார்ப்பதும் என் வேலையானது. ஊர் ஆண்கள் வந்து, மூடி திறக்க முடியாமல், காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். மாமாவின் பக்தி கிணற்று மோட்டார் பக்கம் திரும்பியது. மோட்டாரைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

பட்டுச் சேலை முந்தானை

போன தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம், அந்தக் காலத்தில் வெளியூர் வேலையில் இருந்த என் கொழுந்தனின் மகனுக்கு. பெண் வீட்டில் எதையும் கேட்கவில்லை. கார் வந்தது.

மண்டபத்திலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பத் திருப்ப "டிக்" என்றது, அவ்வளவுதான். கூட்டம் கூடிவிட்டது. பின் இருக்கையில் அந்தப் பெண், மாலையோடு, தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. அடுத்து என்ன சொல் வரும் என்று.

மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் முன் மூடியில் கை வைத்தான். உடனே எங்கள் வீட்டுப் பையன் ஒருத்தன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், ஓடி வந்து தடுத்தான்.

"டேய், எங்க குடும்பத்துல சீர் வண்டியை ஆம்பளைங்க திறக்கக் கூடாதுடா. தலைமுறை தலைமுறையா வர்ற வழக்கம். அதுல சயின்ஸ் இருக்கு. ஆம்பளை ஒடம்புல இருக்கிற காந்த அலை சென்சாரை பாதிக்கும். நம்ம முன்னோர்கள் சும்மா சொல்லலை."

நண்பன் பயபக்தியோடு கையை எடுத்துக்கொண்டான்.

அதற்குள் கூட்டத்தில் ஒரு பெண் குரல் மெதுவாக ஆரம்பித்தது. "பொண்ணு வண்டியில ஏறுன நேரம்..."

"நேரத்துக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்ல."

திரும்பிப் பார்த்தோம். நாற்காலியில் அத்தை. இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, காலும் வருவதில்லை. குரல் மட்டும் மண்டப வாசல் முழுக்கக் கேட்டது.

"ஒரு தடவ அப்பிடிச் சொல்லி நான் பட்டது போதும். தங்கமான பொண்ணு மேல பழியப் போட்டேன். வண்டின்னா, மூடியைத் தெறந்து பாக்கணும். எங்க என் மருமக? செல்வி, போயிப் பாரு ஆத்தா."

பெங்களூர்ப் பையன் வழி விட்டான். நான் போய் மூடியைத் திறந்தேன். பேட்டரி முனையின் பிடி தளர்ந்து கிடந்தது. கையால் அழுத்தித் திருகி, ஓட்டுகிறவனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். வண்டி பிடித்துக்கொண்டது. பின் இருக்கையில் அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள்.

கையெல்லாம் கருப்பு. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கட்டியிருந்த பட்டுச் சேலை. அதன் முந்தானையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, அத்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.